தந்தையின் குரல் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்பலாமா?

வாசகர் கேள்வி:

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கும்பகோணத்துக்கு அருகில் வசிக்கிறேன். என் தந்தையார் கோயில் ஓதுவாராக இருந்தவர். 1980-களில் அவர் பாடிய தேவாரப் பதிகங்களை 43 கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும். சென்ற ஆண்டு அவற்றைக் கணினியில் வேவ் கோப்புகளாக மாற்றி, குடும்பப் படங்களோடு சேர்த்து, ஆன்லைனில் வாங்கிய 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். வாங்கிய அன்றே அது 1.81 டிபி என்றுதான் காட்டியது. படங்களை ஏற்றும்போது முதலில் வேகமாகப் போய், பிறகு நத்தையாக ஊர்ந்தது. உடன் வந்த ஒயர் குட்டையாக இருந்ததால் நீளமான ஒயர் ஒன்றை வாங்கிப் பயன்படுத்துகிறேன். இரண்டு வாரமாக ‘டிக், டிக்’ என்று சத்தம் வருகிறது; சில நேரம் கணினியில் தெரிகிறது, சில நேரம் தெரிவதில்லை. வாரண்டி இருப்பதால் அனுப்பி வைத்தால் வேறு தருவதாகச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? வாங்கியவர்கள் எழுதிய அனுபவங்களை ஒரு வாரம் படித்த பிறகுதான் வாங்கினேன். அப்படியும் ஏன் இப்படி ஆயிற்று? அடுத்து எந்தக் கம்பெனி வாங்க வேண்டும்? 16 டிபி ஹார்ட் டிஸ்க் 1,800 ரூபாய் என்று ஒரு விளம்பரம் வருகிறது, நம்பலாமா? கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. இனி எதற்கு என்று மகன் பழைய சாமான்காரரிடம் போடச் சொல்கிறான்.

பதில்:

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

அனுப்ப வேண்டாம். அனுப்பினால் உங்களுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் திரும்பி வரும். உங்கள் தந்தையாரின் குரல் திரும்பி வராது. வாரண்டி என்பது பொருளுக்குத் தரப்படும் உறுதி மட்டுமே. உள்ளே இருக்கும் தகவலுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று தயாரிப்பாளர்கள் வாரண்டி விதிகளிலேயே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பும் டிஸ்க் உங்களிடம் திரும்பாது. பதிலுக்கு வருவதும் பல நேரங்களில் பழுதுபார்த்துச் சான்றளிக்கப்பட்ட பழைய டிஸ்க்காகவே இருக்கும். சென்னையில் கணினிப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தகவல் மீட்கும் வேலையைச் செய்துவருகிறேன். கெட்டுப்போன டிஸ்க்கைக் கொண்டுவருபவர்களைவிட, அதை வாரண்டியில் கொடுத்து மாற்றிக்கொண்ட பிறகு, வெறும் புதுப் பெட்டியோடு வந்து ‘பழையதில் இருந்த படங்கள் இதில் வரவில்லையே’ என்று கேட்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிகம் வலிக்கும். அவர்களுக்காக நான் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. உங்கள் டிஸ்க் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் முதலில் அதைப் பற்றிப் பேசிவிட்டு, மற்றக் கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன்.

கணினியோடு இணைத்திருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று தெரிந்தால், ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்கே விளங்கும். டிஸ்க்கின் உள்ளே கண்ணாடிபோல மெருகேற்றிய வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுற்றுகின்றன. அவற்றின் மேல் ஹெட் எனப்படும் சிறு முனை, தகட்டைத் தொடாமல், ஒரு தலைமயிரின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதந்தபடி படிக்கிறது. தகட்டில் இருக்கும் வழிகாட்டிக் குறிகளை அந்த முனையால் படிக்க முடியாதபோது, அது தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி வந்து பார்க்கிறது. அப்படிப் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘டிக்’. முனையே பழுதாகியிருந்தால், ஒவ்வொரு முயற்சியிலும் அது தகட்டின் மேல்பூச்சைச் சுரண்டிவிடக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்ததை உலகத்தில் எவராலும் மீட்க முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி ஒன்று இருக்கிறது. நீளமான ஒயர் வாங்கிப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இவ்வகைச் சிறிய டிஸ்க்குகளுக்குத் தனி மின்இணைப்புக் கிடையாது, யு.எஸ்.பி. ஒயர் வழியாக வரும் 5 வோல்ட் மின்சாரத்தில்தான் தகடு சுழல வேண்டும். பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பு 500 மில்லிஆம்பியரும், நீல நிற நாக்கு உள்ள யு.எஸ்.பி. 3.0 இணைப்பு 900 மில்லிஆம்பியரும் தரும் என்பது கணக்கு. நின்றிருக்கும் தகடு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் டிஸ்க் மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும். ஒயர் நீளமாகவும் உள்ளே செம்பு மெல்லியதாகவும் இருந்தால் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடுகிறது. தகடு சுழலத் தொடங்கி, போதிய விசை கிடைக்காமல் தளர்ந்து, மறுபடி தொடங்குகிறது. அப்போதும் இதே ‘டிக், டிக்’ சத்தம்தான் கேட்கும். மேசைக் கணினியின் முன்பக்கத்தில் சொருகினால் இந்தத் தொல்லை இன்னும் கூடும், ஏனென்றால் அந்த இணைப்பு பெட்டிக்குள் இன்னொரு மெல்லிய ஒயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று என்னிடம் வந்தவற்றில், ஒயரை மாற்றியதும் பேசாமல் வேலை செய்தவற்றை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

எனவே ஒரே ஒரு முயற்சி செய்யலாம். அதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். சி.டி. தரத்தில் எடுத்த வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும். ஒரு மணி நேரக் கேசட் ஏறக்குறைய 635 எம்பி. உங்கள் 43 கேசட்டுகளும் சேர்ந்து சுமார் 27 ஜிபி. டிஸ்க்கில் மற்றவையெல்லாம் குடும்பப் படங்கள். அவற்றில் பல உறவினர்களின் தொலைபேசிகளிலும் இருக்கக்கூடும். கணினிக் கோப்பாக வேறெங்கும் கிடைக்காதது இந்த 27 ஜிபி மட்டுமே. நொடிக்கு 30 எம்பி என்ற மந்தமான வேகத்தில் போனாலும் 15 நிமிடத்தில் அது வெளியே வந்துவிடும். ஆகவே, நம்பகமான கடையில் வாங்கிய 64 ஜிபி பென்டிரைவ் இரண்டைத் தயாராக வைத்துக்கொண்டு, பெட்டியோடு வந்த அந்தக் குட்டை ஒயரைத் தேடி எடுத்து, கணினியின் பின்பக்கத்தில் நேரடியாகச் சொருகுங்கள். டிஸ்க்கை மேசைமேல் கிடைமட்டமாக, அசையாமல் வையுங்கள். சத்தமில்லாமல் சுழன்று கணினியில் தெரிந்தால், தந்தையாரின் பாடல்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் முதலில் பென்டிரைவுக்கு நகலெடுங்கள். நடுவில் எந்தப் பாட்டையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கவும் வேண்டாம். நூற்றுக்கணக்கான சிறுபடங்களைக் காட்டுவதற்காகவே கணினி அந்தப் படங்களை எல்லாம் ஒருமுறை படிக்கும். அந்த உழைப்பை இப்போது அந்த டிஸ்க்குக்குத் தரக்கூடாது. முதல் பென்டிரைவில் ஏறியபின், டிஸ்க்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே இரண்டாவதற்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு படங்களைச் சிறு சிறு பகுதிகளாக எடுக்கலாம்.

இந்த வேலையின்போது விண்டோஸ் உங்களிடம் இரண்டு கேள்விகளில் ஏதாவது ஒன்றைக் கேட்கலாம். டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்பது ஒன்று. இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்குமே வேண்டாம் என்றே சொல்லுங்கள். சரிசெய்யும் வேலை, தளர்ந்துபோன டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைத்து, தகவல் அட்டவணையைத் தன் கணிப்புப்படி மாற்றி எழுதும். நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்குக்கு அது மருந்து, உங்கள் டிஸ்க்குக்கு இப்போது அது நஞ்சாக முடியலாம்.

குட்டை ஒயரிலும் அதே சத்தம் வந்தால், உடனே கழற்றிவிடுங்கள். இன்னொரு முறை பார்ப்போமே என்று தோன்றும், தயவுசெய்து பார்க்காதீர்கள். தட்டிப் பார்ப்பது, ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது போன்ற யோசனைகளை யாராவது சொல்வார்கள். குளிரிலிருந்து எடுத்த டிஸ்க்கின் உள்ளே நம் ஊர்க் காற்றின் ஈரம் பனியாகப் படியும். அதன் மேல் முனை ஓடினால் கதை அதோடு முடிந்தது. மூடியைத் திறக்கவும் கூடாது. திறந்தால் வாரண்டி போகும் என்பது சிறிய நட்டம். தூசி உள்ளே போவதுதான் பெரியது. சில மாதங்களுக்கு முன் திருமணப் படமெடுக்கும் இளைஞர் ஒருவர் மஞ்சள் பையில் ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். வீட்டில் யாரோ திருகாணிகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மூடியிருக்கிறார்கள். தூசி புகாத எங்கள் தூய அறையில் அதைத் திறந்தபோது, கண்ணாடி போன்ற தகட்டின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாகத் தெளிவாகப் பதிந்திருந்தது. இரண்டு குடும்பங்களின் முகூர்த்தப் படங்கள் அந்த ரேகைக்குக் கீழே இருந்தன. அந்த இளைஞர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தகவல் மீட்பவரிடம் கொடுக்கும் நிலை வந்தால், டிஸ்க்கைத் திறப்பதற்கு முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். தகவல் கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். அந்த டிஸ்க்கிலேயே வேலை செய்வாரா, அல்லது முதலில் அதை அப்படியே வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுத்துவிட்டு, அந்தப் படியில் வேலை செய்வாரா என்று கேளுங்கள். இரண்டாவது பதிலைச் சொல்பவரிடமே கொடுக்கலாம். செலவு சில ஆயிரங்களில் முடியலாம். முனையை மாற்ற வேண்டியிருந்தால் டிஸ்க் வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு ஆகும். எங்கே கொடுத்தாலும் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். மூன்று கடைகளில் திறந்து மூடிய டிஸ்க்கில் நான்காமவருக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

இனி, அனுபவங்களைப் படித்து வாங்கியும் ஏன் இப்படி ஆயிற்று என்ற உங்கள் கேள்வி. ஒரு வாரம் உட்கார்ந்து படித்த நீங்கள் செய்த வேலையில் குறையே இல்லை. வாங்கியவர்களால் சொல்ல முடிந்தது ஒன்று, சொல்ல முடியாதது ஒன்று. அந்த வேறுபாட்டை அந்தப் பக்கங்களில் எவரும் எழுதி வைப்பதில்லை. ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பெரும்பாலோர் பெட்டி கைக்கு வந்த அன்றே எழுதியவர்கள். ‘பேக்கிங் நன்றாக இருந்தது, சீக்கிரம் வந்தது’ என்பது கூரியர்காரருக்கான பாராட்டு. ஒரு நட்சத்திரம் போட்டவர் டிஸ்க் போன ஆத்திரத்தில் எழுதியிருப்பார். அவர் கைதவறிக் கீழே போட்டாரா என்பது நமக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுகளாகக் குறையின்றிப் பயன்படுத்துபவருக்கோ திரும்பி வந்து எழுத வேண்டிய தேவையே ஏற்படுவதில்லை. போதாக்குறைக்கு, 1 டிபி, 2 டிபி, 5 டிபி என எல்லா அளவுகளுக்குமான கருத்துகளை விற்பனைத் தளங்கள் ஒரே பக்கத்தில் கொட்டி வைக்கின்றன. பெயரையும் பெட்டியையும் மாற்றாமல் உள்ளிருக்கும் டிஸ்க்கை மட்டும் மாற்றுவதும் இந்தத் துறையில் உண்டு. இன்னொருவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் புகழ்ந்த பொருளும் நீங்கள் இன்று வாங்கும் பொருளும் பெயரளவில் மட்டுமே ஒன்றாக இருக்கலாம்.

கணக்காகப் பார்க்க வேண்டுமானால், அமெரிக்காவின் பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்பதை 2013 முதல் வெளியிட்டுவருகிறது. அண்மை ஆண்டுகளில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை. அவை குளிரூட்டிய அறையில் ஆடாமல் அசையாமல் ஓடும் பெரிய டிஸ்க்குகள். கைப்பையில் போய்வரும் டிஸ்க்குக்கு அந்த வாழ்க்கை அமைவதில்லை. அத்தகைய இடத்திலேயே நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி என்ற பாகுபாடில்லாமல் எல்லாவற்றிலும் சில போகத்தான் செய்கின்றன. 98 பேரின் மகிழ்ச்சியான அனுபவம் முழு உண்மையாக இருந்தாலும், மீதமுள்ள இருவரில் ஒருவராக நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று அந்த 98 பேராலும் உறுதி தர முடியாது. இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்: நல்ல டிஸ்க்காகப் பார்த்து வாங்குவது ஒரு வேலை, அதில் இருப்பதைக் காப்பது வேறொரு வேலை. முதல் வேலையை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இரண்டாவது அதனால் நடந்துவிடாது.

அதற்காக வாங்கியவர்களின் சொல்லை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் டிஸ்க்கின் வேகம் பாதியில் படுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காரணத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர்கள் வாங்கியவர்கள்தான். நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு ஓடும் அடுத்ததன் மேல் சற்றே ஏறி உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதை அழுத்திக்கொண்டிருக்கும் மற்ற ஓடுகளை எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். குறைந்த இடத்தில் அதிகம் எழுதுவதற்காக, தகட்டின் தடங்களை இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எழுதும் முறை ஒன்று இருக்கிறது, எஸ்.எம்.ஆர். என்பார்கள். முதலில் சில ஜிபி வரை, தனியே ஒதுக்கி வைத்த இடத்தில் டிஸ்க் மளமளவென்று எழுதிக்கொள்ளும். அந்த இடம் நிரம்பியதும் ஓடு மாற்றும் வேலை தொடங்கிவிடும்; வேகம் நொடிக்கு 100 எம்பியிலிருந்து பத்து இருபதுக்குச் சரிந்துவிடும். பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில் இந்த முறையைச் சொல்லாமலே விற்றதை, பயன்படுத்தியவர்கள் அளந்து எழுதிய முறையீடுகள் வெளியே வந்த பிறகு, 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. கையடக்க டிஸ்க்குகளில் இன்று பெரும்பாலானவை இந்த முறையில் அமைந்தவைதான். எனவே உங்கள் டிஸ்க் ஊர்ந்தது பழுதினால் அல்ல. ஏற்றிவைத்து எடுத்துப் பார்க்கும் உங்கள் பயன்பாட்டுக்கு அது போதும். பெரிய அளவில் எழுதிய பிறகு ஒரு மணி நேரம் இணைப்பிலேயே சும்மா விட்டு வைத்தால், அது தன் அடுக்கு வேலையை முடித்துக்கொள்ளும்.

நீங்கள் இனி கருத்துகளைப் படிக்கும்போது நட்சத்திரங்களைப் பார்க்காமல் இந்த மாதிரியானவற்றைத் தேடுங்கள்: ஓராண்டு கழித்து வந்து எழுதியவர், எவ்வளவு பெரிய கோப்புகளை ஏற்றினார், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று அளந்து சொன்னவர், வாரண்டிக்கு அனுப்பிய அனுபவத்தைத் தேதிவாரியாக எழுதியவர், ஒயர் சொருகும் இடம் ஆடுகிறது என்று பலரும் தனித்தனியே குறிப்பிடுவது. கடைசியாகச் சொன்னதை நான் மிகவும் மதிப்பேன். பல டிஸ்க்குகளில் இருக்கும் அந்த அகலமான, நடுவில் வெட்டு உள்ள இணைப்பு பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. சில மாதிரிகளில் அது டிஸ்க்கின் சுற்றுப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், அது பெயர்ந்துவிட்டால் டிஸ்க்கை வெளியே எடுத்து வேறு பெட்டியில் போட்டுப் படிக்கும் வழியும் அடைபட்டுவிடும்.

1.81 டிபி விஷயத்தில் உங்களை எவரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட் என்று ஆயிரங்களில் எண்ணுகிறார். விண்டோஸ் 1,024-களில் எண்ணுகிறது. அதே 2 லட்சம் கோடி பைட்டுகள் ஒரு கணக்கில் 2 என்றும் மற்றொரு கணக்கில் 1.81 என்றும் வரும். 1 டிபி வாங்கியிருந்தால் 931 ஜிபி என்று காட்டியிருக்கும். இதே குழப்பத்துக்காக அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்து, வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-லும் சீகேட் 2007-லும் சமரசம் செய்துகொண்டன. ஆப்பிள் 2009 முதல் தன் கணினிகளில் ஆயிரக் கணக்குக்கே மாறிவிட்டது.

உண்மையில் ஏமாற்று நடப்பது அந்த 16 டிபி விளம்பரத்தில்தான். உள்ளங்கையில் அடங்கும் ஹார்ட் டிஸ்க்குகளில் பல ஆண்டுகளாக 5 டிபி-தான் உச்சம்; 2024-ல்தான் 6 டிபி வந்தது. 16 டிபி உள்ள உண்மையான டிஸ்க் ஒரு செங்கல் அளவுப் பெட்டியில், தனி மின் அடாப்டரோடு, அந்த விலையைப்போலப் பல மடங்குக்கு வரும். இப்படி ஒன்றை வாங்கி ஏமாந்த ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். நகத்தால் நெம்பியதுமே மூடி கழன்றது. உள்ளே விரல்நுனி அளவுள்ள ஒரு மெமரி கார்டு; அதைச் சொருகிய சிறு பலகை; கையில் கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பசையால் ஒட்டியிருந்த ஒரு இரும்புத் துண்டு. கணினியிடம் 16 டிபி என்று பொய் சொல்லும்படி அந்தப் பலகையை மாற்றி அமைத்திருந்தார்கள். உண்மையான இடம் நிரம்பும்வரை எல்லாம் சரியாகவே நடக்கும். பிறகு புதிதாக வருவது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் மறையும். கோப்பின் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்துகொண்டிருக்கும். வாங்கிய முதல் வாரத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களின் டிஸ்க்குகள் அப்போது நிரம்பியிருக்காது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

அடுத்து எந்தக் கம்பெனி என்பதற்கு என் பதில் உங்களுக்கு நிறைவு தராமல் போகலாம். இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் நான் மேலே சொன்ன வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா ஆகிய மூவர் மட்டுமே. வேறு பெயர் ஒட்டி விற்கப்படும் பெட்டிக்குள் இருப்பதும் அவர்களுடையதுதான். மூவருடைய டிஸ்க்குகளும் என் மேசைக்கு வருகின்றன. உங்கள் ஊரில் சேவை பெற வசதியானது எது, 3 ஆண்டு வாரண்டி எதற்கு உண்டு என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி வாங்கினால், அந்த வாரண்டி இங்கே செல்லாமல் போவது வழக்கம். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, வாரண்டி உண்டா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். தகட்டுக்குப் பதில் மெமரி சிப்புகளில் எழுதும் எஸ்.எஸ்.டி. வாங்கலாமா என்று மகன் கேட்கக்கூடும். சுழலும் பாகமே இல்லாததால் அது கீழே விழுந்தாலும் தாங்கும், வேகமும் பல மடங்கு. ஆனால் மின்சாரமே காட்டாமல் பல ஆண்டுகள் பீரோவில் பூட்டி வைப்பதற்கு அது ஏற்றதல்ல. உங்கள் தேவை அதுவாக இருப்பதால், ஹார்ட் டிஸ்க்கே போதும்.

ஆனால் ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். 4 டிபி ஒன்று வாங்கும் பணத்தில் 1 டிபி இரண்டு வாங்குவது உங்களுக்கு மேல்; முடிந்தால் வெவ்வேறு கம்பெனியில், வெவ்வேறு மாதத்தில். இரண்டிலும் ஒரே தகவலை ஏற்றி, ஒன்றை உங்களிடமும் மற்றொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டிலும் வையுங்கள். ஒரே பீரோவில் இரண்டையும் வைத்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களில் பார்த்தேன். ஒரு தம்பதி இரண்டு டிஸ்க்குகளை ஒரே துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அசலும் நகலும் ஒரே தட்டில், ஒரே தண்ணீரில் மூழ்கியிருந்தன. காயவைத்துச் சொருகிப் பார்க்காமல் ஈரத்தோடே கொண்டுவந்ததால் ஒன்றை மீட்க முடிந்தது. 27 ஜிபி என்பது சிறிய அளவு; மாதக் கட்டணம் செலுத்தி இணையச் சேமிப்பில் ஒரு பிரதி வைப்பதும் உங்களுக்கு எளிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு டிஸ்க்குகளையும் இணைத்து, இரண்டொரு பதிகங்களைக் கடைசிவரை ஓட்டிக் கேளுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். நீலம் மஞ்சளாக மாறினால் அன்றே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். நகலெடுத்து முடிந்ததும் முறையாகத் துண்டித்து, தகடு நின்ற பிறகு நகர்த்துங்கள்; சுழன்றுகொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்த டிஸ்க்குகள்தான் என் வேலையில் பெரும் பங்கு.

கேசட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள், அம்மா. இந்த நிமிடத்தில் உங்கள் தந்தையாரின் பாடல்களுக்கு இருக்கும் இரண்டாவது பிரதி அவைதான். டிஸ்க் கைவிட்டாலும் அவற்றிலிருந்து மறுபடி எடுக்கலாம். 40 ஆண்டு கடந்த நாடாக்களும் பெரும்பாலும் பாடும். பூஞ்சையைத் துடைத்து எடுக்க முடியும், ஆனால் அதைப் பழகியவர் செய்ய வேண்டும். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே பிளேயரில் போட்டால் அது நாடாவைக் கிழிக்கலாம். மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். நல்லவற்றையும் பூஞ்சை பிடித்தவற்றையும் தனித்தனிப் பெட்டிகளில், நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்டாமல் வையுங்கள். குட்டை ஒயரில் சொருகிப் பார்த்ததும் சத்தம் நின்றதா இல்லையா என்பதையும், டிஸ்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் எனக்கு எழுதுங்கள். சத்தம் நிற்கவில்லை என்றால், அடுத்து எங்கே கொண்டுபோவது என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.